எர்த் குழி ஓரம் ஒரு மல்லிச்செடி

உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“இப்பல்லாம் வெறுங்காலோடதான் ஃப்ரிட்ஜைத் தொறக்குறேன்,” என்றார் மூத்தவர்.

“முன்னாடி எப்பிடி மதினி?”

“செருப்பில்லாம தொட்டா சுர்ருன்னு ஷாக் அடிக்கும். எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு, எர்த் கம்பி பொதச்ச குழி காஞ்சு கெடக்கு, தெனம் தண்ணி ஊத்துங்கன்னாரு. ஒங்கண்ணன்கிட்ட சொன்னேன். ஊத்துனாத்தானே?”

“பெறகு?”

“குழியோரமா ஒரு மல்லிச்செடி வச்சேன். இப்ப எந்திரிச்சதும் மொத வேலையா வாளியோட போறாரு. மொட்டு விட்டுருக்குன்னு என்னையவே கூப்பிட்டுக் காட்டுறாரு.”



“எங்க வீட்டுக்காரரு மல்லிக்கெல்லாம் ஊத்த மாட்டாரு மதினி. கத்தரிதான் வைக்கணும்.”