பானட்டுக்கு அந்தப் பக்கம்

ராத்திரி இல்ல... மத்தியானம் ரெண்டரை மணி. பேய்னா இருட்டுலதான் வரும்னு நினைச்சுட்டு பகல்ல தைரியமாத் திரியுறீங்க பாருங்க, உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். மூடிப்போன ஒரு பேக்டரிக்குப் பின்னாடி ஒரு ரோடு. நேர் ரோடு. மரம் கிடையாது, கடை கிடையாது. உருகுற தார் வாசனை... வெயில்ல எங்கேயோ தகரக் கூரை 'டிங்... டிங்'னு விரியுற சத்தம். அவ்வளவுதான்.

டேய், போனை அணைச்சு வை. மூஞ்சில அடிக்குது.

என் சிநேகிதன் ஒருத்தன், ராக்கெட்னு கூப்பிடுவோம். சிநேகிதன்தான், ஆனா உள்ளதைச் சொல்லணும்ல... வாய் முழுக்க விஷம். அவனோட அக்கா வீட்டுக்காரர் வண்டி எலக்ட்ரீஷியன். நல்ல வேலைக்காரர், ஆனா மூக்கு மேல கோவம். மாமனும் மச்சானும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டாங்க.

அப்புறம் ஏன் ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ரோட்டுக்குப் போனாங்க? அக்காவாலதான்.

ராக்கெட் தன்னோட பழைய கார்ல எஞ்சினைக் கவனிக்கிற கம்பெனி கம்ப்யூட்டரைக் கழட்டிட்டு, வெளியில வாங்கின ஒரு பெட்டியை மாட்டச் சொன்னான். வண்டி பறக்கணுமாம். மாமா மாட்டிக் கொடுத்தார். பறக்கத்தான் செஞ்சுது... ஆனா அந்த ரோட்டுக்கு வந்தா மட்டும் எஞ்சின் பொசுக்குனு நின்னுடும். ஒரு தடவை பின்னாடி வந்த லாரி, ஒரு முழம் இருக்கும்போது பிரேக் அடிச்சு நின்னுச்சு. அன்னைக்கே அக்கா புருஷன்கிட்ட சொல்லிட்டாங்க. "நீங்க மாட்டின பெட்டியால என் தம்பிக்கு ஏதாவது ஆச்சு... அப்புறம் நான் உங்ககூட வாழ மாட்டேன்."

கோளாறு என்னன்னா... எஞ்சின்ல ஒரு பல்சக்கரம் சுத்தும். பக்கத்துல ஒரு சென்சார் ஒவ்வொரு பல்லா எண்ணும். அந்த எண்ணிக்கையை வெச்சுத்தான் பெட்டி எப்ப பெட்ரோல் விடணும், எப்ப ஸ்பார்க் விடணும்னு பார்க்கும். வேற ஒயர்ல ஓடுற கரண்ட் இந்த சென்சார் ஒயர்ல கசிஞ்சா, இல்லாத பல்லை எண்ணும். நம்பர் தாறுமாறா எகிறும், எஞ்சின் நின்னுடும். இதைத்தான் நாய்ஸுங்கிறாங்க. காதுக்குக் கேக்காத இரைச்சல்.

மாமா எல்லாம் பார்த்துட்டார். எர்த் ஒயரைச் சுரண்டி மறுபடி முறுக்கினார். சென்சார் ஒயரை, ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் ஒயர்கிட்ட இருந்து தள்ளி இழுத்துக் கட்டினார். பிளக்கை மாத்தினார். பட்டறையில வண்டி சமத்தா ஓடும். அந்த ரோட்டுக்கு வந்தா... செத்துடும். சரி, அங்கேயே நிறுத்திப் பார்த்துடுவோம்னு கிளம்பிட்டாங்க.

இந்த வேலைக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தன் உள்ள உக்காந்து லேப்டாப்ல நம்பரைப் பார்க்கணும். இன்னொருத்தர் பானட்டைத் தூக்கிட்டு, எஞ்சின் ஓட ஓட, ஒயரை ஒவ்வொண்ணா ஆட்டணும். எதை ஆட்டும்போது நம்பர் எகிறுதோ, கோளாறு அங்க. மொட்டை மாடியில ஆன்டெனாவைத் திருப்பிக்கிட்டு "இப்போ தெரியுதா?"ன்னு கத்துவோமே, அதேதான். என்ன, பானட் தூக்கியிருக்கும். உள்ள இருக்கிறவனை இவருக்குத் தெரியாது. இவரை அவனுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான்...

ரேடியேட்டர் ஃபேனுக்குப் பின்னாடி கையை விடணுங்கிறதால, மாமா லேப்டாப்லயே ஃபேனை நிறுத்தி வெச்சார். "நான் சொல்ற வரைக்கும் இதைத் தொட்டே, தொலைச்சுடுவேன்." மறுபடி ஓட விடணும்னா லேப்டாப்ல அழுத்தணும். அழுத்தினா, 'ஃபேனை ஓட விடவா?'ன்னு அது கேக்கும். ஆமான்னு இன்னொரு தடவை அழுத்தணும். கை தவறிப் பட்டுடுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. இதை மனசுல வெச்சுக்கங்க.

மாமா முதல் ஒயரை ஆட்டினார். "இப்போ?"

"இல்ல மாமா."

அடுத்தது. "இப்போ?"

"இல்ல."

"ஒழுங்காப் பார்த்துச் சொல்லுடா, மாடு."

குனிஞ்சு, ஃபேனுக்குப் பின்னாடி, சென்சார் ஒயரைத் தொட்டார். "இப்போ?"

எஞ்சின் உறுமுற சத்தம் மட்டும்... அப்புறம்,

"அங்கதான் மாமா. இன்னும் உள்ள."

கையை உள்ள விட்டார்.

"இன்னும் கீழ."

முழங்கை வரைக்கும் விட்டார். "சரியாப் பார்க்கிறியாடா?"

"விரலை நல்லா விரிச்சுப் பிடிங்க மாமா."

...க்ளிக்.

ஃபேனுக்குக் கரண்ட் விடுற ரிலே விழுந்த சத்தம். பழைய வண்டி, இரும்பு இறக்கை. ரெண்டு விரல் போச்சு. சுண்டு விரலும் மோதிர விரலும்.

அலறிக்கிட்டே சட்டையைக் கையில சுத்திக்கிட்டு, அவனைக் கொன்னே போட்டுடறேன்னு மாமா கதவைப் பிடுங்கித் திறந்தார். சீட்டு காலி. சீட்டு மேல லேப்டாப் மட்டும்.

ராக்கெட் ரோட்டுல ரொம்ப தூரத்துல இருந்து ஓடி வர்றான். கையில போன். மாடுன்னு திட்டினதும் சத்தம் போடாம இறங்கிப் போயிட்டானாம். எஞ்சின் சத்தத்துல மாமாவுக்குக் கதவு சத்தம் கேக்கல.

அவன்தான் அழுத்திட்டு ஓடினான்னு மாமா இன்னைக்கு வரைக்கும் நம்புறார். "அந்த நேரம் என் தம்பி என்கூட போன்ல பேசிட்டிருந்தான்"னு அக்கா சத்தியம் பண்ணாங்க. "உன் தம்பியைக் காப்பாத்தறே"ன்னுட்டார். போன்ல அவன் என்ன பேசினான்னு மட்டும் அக்கா வாயைத் திறக்கல. ராக்கெட் என்கிட்ட சொன்னான், ஒரே ஒரு தடவை. "உன் புருஷன் கை வெளங்காமப் போகணும்னு சொன்னேன்டா... சொல்லி வாயை மூடல, அலறல் கேட்டுச்சு."

வாய்க்கு வந்ததைப் பேசுறவங்க இங்கேயும் ரெண்டு பேர் இருக்கீங்க. கேட்டுக்கங்க.

இன்னொண்ணு. அன்னையில இருந்து அந்த வண்டி நடுவழியில நின்னதே இல்ல, அந்த ரோட்டுலயும் சரி, எந்த ரோட்டுலயும் சரி. யாரும் எதையும் சரி பண்ணல. பார்க்கப் பார்க்க எனக்கு அந்த வண்டி மேல ஒரு வெறுப்பு... வயிறு நிறைஞ்ச மிருகம் மாதிரி இருந்துச்சு.

மாமா மிச்ச விரலை வெச்சு இப்பவும் வேலை பார்க்கிறார். ஆனா ஒரு சட்டம் வெச்சிருக்கார். பானட்டைத் தூக்கிட்டா, உள்ள இருக்கிறவன் ரெண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியில நீட்டி வெச்சிருக்கணும். அதை அவர் எட்டிப் பார்த்துட்டுத்தான் தன் கையை உள்ள விடுவார்.

போன வாரம் என் வண்டி திணறுச்சு. அவர்கிட்டதான் எடுத்துட்டுப் போனேன். லேப்டாப்பை என் மடியில வெச்சு, ஃபேனை நிறுத்திட்டுப் போனார். நான் ரெண்டு கையையும் வெளியில நீட்டினேன். என் பக்கம் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்... கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கையைத்தான் வெளியில நீட்டியிருக்கார். இன்னொண்ணையும் எடுக்கச் சொல்லுங்க."

நான் தனியாத்தான் போயிருந்தேன்.

திரும்பிப் பார்க்கல. குனிஞ்சு மடியைத்தான் பார்த்தேன். என் ரெண்டு கையும் ஜன்னலுக்கு வெளியில... லேப்டாப்ல அந்தக் கேள்வி வந்து நிக்குது.

'ஃபேனை ஓட விடவா?'