ஏமஸ் சாட்பர்னின் ஓட்டு

ஹலோ... ஆமா, ஊர் மண்டபம்தான்... சத்தமாப் பேசு, இங்க ஒரே இரைச்சல்... யாரு, கான்னியா? நானே உன்னைத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். ஏம்மா, உங்கப்பனை எதுக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வெளிய விட்ட?...

எங்கேயா? இங்கதான். கணப்படுப்புப் பக்கத்துல, சுவரோரமா நிக்கறான். இப்போதான் வந்தான்... இரு, பெரியப்பா சொல்றதை முதல்ல கேளு. தபால்ல ஓட்டு அனுப்பினவன் நேர்லயும் வந்து நின்னா, தேர்தலை நடத்தறவன் நான் என்ன பண்றது? பாஸ்டன் டிவிக்காரங்க கேமராவோட பின்னாடி உக்காந்திருக்காங்க. நம்ம நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் எந்தப் பக்கம் சாயுதோ அவருதான் ஜனாதிபதின்னு காலையிலேருந்து அதே பேச்சு. கைப்பிடி ஓட்டு வித்தியாசத்துல முடியப்போகுதாம். ரெண்டு கட்சி ஆளுங்களும் பென்சிலைச் சீவி வச்சுக்கிட்டு என் கையையே பாத்துக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல, தேர்தல் நடத்தற இந்த ஆரின் சாட்பர்னோட தம்பியே ரெண்டு ஓட்டுப் போட வந்தான்னு...

என்ன?...

இரு. அழாம சொல்லு...

எப்போ?...

காலையிலயா... நீ பக்கத்துல இருந்தியா?... ம்... ம்... கையைப் பிடிச்சிக்கிட்டு... ஆமா... ஆமா...

லைன்லதான் இருக்கேன்மா.

அப்போ இது வேற யாரோ. வேற யாரையோ பாத்து நான்... இல்ல கான்னி. அவனேதான். அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட வேட்டைக் கோட்டு. தொப்பி. இடது தோளைச் சுவர்ல சாய்ச்சு நிக்கிற அந்தத் தினுசு. அதை நான் சின்ன வயசுலேருந்து பாக்கறேன்...

கோட்டு ஆஸ்பத்திரி அலமாரியில தொங்குதா?... சரி. தொங்கட்டும்.

விடிஞ்சதுலேருந்து மழை இங்க. வர்றவன் போறவன் பூட்ஸெல்லாம் சேறு. அவன் நிக்கிற இடம் மட்டும் காஞ்சு கிடக்கு. பலகாரம் விக்கிற மெர்ல் ஆப்பிள் பை தட்டைத் தூக்கிக்கிட்டு அவன் ஊடாவே நடந்து போறா. தள்ளி நில்லுன்னு கூடச் சொல்லல...

குடிச்சிருக்கேனாவா? தேர்தல் அன்னைக்கா? யார்கிட்ட பேசறேன்னு நினைப்பிருக்கா உனக்கு?... சரி, சரி. மன்னிப்பெல்லாம் வேணாம்.

இரு கான்னி, ஊர் கிளார்க் கூப்பிடறாங்க... ஒரு நிமிஷம் லெவெக்கம்மா... மணி ஆச்சுன்னு தெரியும், எனக்கும் கண்ணு இருக்கு. தபால் உறையெல்லாம் எடுத்து மேசை மேல வைங்க. வந்துட்டேன்.

கான்னி, நீ ஏன் இப்போ போன் பண்ண?... அப்பாவோட அண்ணனுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்வேன்னா... சரிதான். சரிதான். கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருந்தா... ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்லன்னேன்ல... சரி, கேளு. இப்போ தபால் ஓட்டு எடுக்கற நேரம். நான் மேடையில நின்னு ஒவ்வொரு பேரா உரக்கக் கூப்பிடணும். ஆட்சேபம் உண்டான்னு கேக்கணும். யாரும் வாயைத் திறக்கலேன்னா உறையைப் பிரிச்சு, ஓட்டைப் பெட்டியில போடணும். இவன் உயிரோட இல்லைன்னு யாராவது எழுந்து சொல்லிட்டா, உறை அப்படியே ஓரமாப் போயிடும். உங்கப்பன் உறையும் அந்தக் கட்டுலதான் இருக்கு...

ஆமா, யாருக்கும் தெரியாது. இந்த மண்டபத்துலயே எனக்கு மட்டும்தான் தெரியும். நீ சொல்லி.

வாயை மூடிக்கிட்டு இருக்கறதா? நானா?... கான்னி, இது எங்கப்பா நின்ன மேசை. அவரோட அப்பா நின்ன மேசை. இதுல நின்ன எந்த சாட்பர்னைப் பாத்தும் ஒருத்தன் விரல் நீட்டினதில்ல...

அவன் எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாதா? கொட்டகை உயரத்துக்குத் தேர்தல் பலகை நட்டு வச்சிருக்கானே, சரியா என் சமையலறை ஜன்னலைப் பாத்து. நான் காப்பி குடிக்கிறப்பெல்லாம் அவனோட வேட்பாளர் பல்லைக் காட்டறாரு... சிரிக்காத. சரி, சிரி. சிரிச்சுக்கோம்மா.

அதைத்தான் நானும் சொல்றேன். அந்த உறையை நான் ஒதுக்கினா ஊர் என்ன சொல்லும்? தம்பி கண்ணை மூடின அன்னைக்கே அவன் ஓட்டை முழுங்கிட்டான்னு சொல்லும். ஒதுக்காம போட்டா, செத்தவன் ஓட்டுன்னு தெரிஞ்சே போட்டவன் நான். எப்படிப் போனாலும் போறது நம்ம வீட்டு மானம்...

என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு... அவன் ஓட்டு விழக்கூடாதுன்னுதான் நான் சட்டம் பேசறேனா?...

...

இல்ல, கோவமில்ல. ஒதுக்கிடலாம்னு நினைச்ச உடனே உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் எட்டிப் பாத்துது. என் கட்சிக்கு எதிரா ஒரு ஓட்டு குறையுமேன்னு. தம்பி செத்த சேதி காதுல விழுந்து ரெண்டு நிமிஷம் ஆகல. நீ குத்திக் காட்டாம இருந்திருந்தா அதை நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆமா... ஆமா, நிக்கறான்தான். கண்ணால பாக்கறேன்தான்... "என் தம்பியை இந்த மண்டபத்துல பாத்தேன்"னு பைபிள்மேல கைவச்சுச் சொன்னாலும் பொய்யில்லைதான்... அடிப்பாவி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... யோசிக்கறேன்னே வச்சுக்கோ...

இதோ வர்றேன் லெவெக்கம்மா! கூட்டம் கத்தினா கத்தட்டும்.

கடைசியா என்ன கேட்டான்?... "ஆரின் என் பேரைக் கூப்பிட்டுட்டானா"ன்னா?... அதையா கேட்டான்?... வேற ஒண்ணும் இல்லியா?

...

ரெண்டு தேர்தலாச்சு நாங்க பேசி. அந்தப் பலகைச் சண்டையோட சரி. வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். ஓட்டுப் போட வர்றப்போ மட்டும், "ஏமஸ் சாட்பர்ன்"னு சத்தமாச் சொல்லுவேன். அது என் வேலை. அவன் தலையை ஒரு தடவை ஆட்டுவான், ஓட்டைப் போடுவான், போயிடுவான்... அதுக்காகத்தான் காலையில வரைக்கும் உசிரைப் பிடிச்சு வச்சிருந்தான்னு சொல்லாத. கான்னி, சொல்லாத. போதும்.

போயிடுவான்னா வீட்டுக்கில்ல, அந்தச் சுவரோரமாப் போய் நிப்பான். தபால் பேரு ஒவ்வொண்ணுக்கும் "ஆட்சேபம்!"னு கத்துவான். என்னைக் கடுப்பேத்தத்தான். அவன் கட்சிக்காரன் பேரைக் கூட விடமாட்டான். ஊரே சிரிக்கும். நான் மட்டும் சிரிச்சதில்ல...

நான் பேரைக் கூப்பிடப் போறேன். போனை வைக்காத. மேடை மேசை மேல வைக்கறேன், காதுல வச்சுக் கேட்டுக்கிட்டே இரு. என்ன நடந்தாலும் உனக்குத் தெரியாம நடக்கக் கூடாது.

எல்லாரும் அமைதி! அமைதி. தபால் ஓட்டு எடுக்கறோம்.

பெர்னிஸ் ஆட்டர்சன். ஆட்சேபம் உண்டா?... இல்லை. பிரிங்க.

ஏமஸ் சாட்பர்ன்.

...

ஆட்சேபம் உண்டா?

...

கான்னி... வாயைத் திறக்க மாட்டேங்கறான். ஒருத்தன் பேரையும் விட்டதில்ல, இன்னைக்கு உதட்டை இறுக்கிக்கிட்டு நிக்கறான். என்னையே பாக்கறான். பிரின்னு கெஞ்சற மாதிரி பாக்கறான். வாழ்நாள்ல ஒருநாள் என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கானா...

இல்ல லெவெக்கம்மா, பிரிக்காதீங்க. கையை எடுங்க. இந்தாங்க மேடைச் சுத்தியல், நீங்க நடத்துங்க. நான் கீழ இறங்கறேன்.

மேடையில நின்னு சொல்றது முறையில்ல. இந்த ஊர் வாக்காளனாச் சொல்றேன். ஆட்சேபிக்கறேன்.

என்ன முணுமுணுப்பு அங்க?... ஆமா, என் கூடப்பிறந்தவன் பேருக்குத்தான். காது நல்லாக் கேக்குதுல்ல? எழுதிக்கோங்க, ரெண்டு கட்சிக்காரங்களும் எழுதிக்கோங்க.

காரணமா?... சொல்றேன் லெவெக்கம்மா. சொல்லித்தானே ஆகணும்.

அவன்... ஏமஸ் இன்னைக்குக் காலையில இறந்துட்டான்.

...

நன்றி. நன்றி, உக்காருங்க... வேணாம் மெர்ல், தண்ணி வேணாம்... எல்லாரும் தொப்பியைக் கழட்டினது பெரிய மரியாதை. எங்க குடும்பம் மறக்காது...

ஏமஸ்... நீ எதுக்குடா கழட்டற?

...

ஒண்ணுமில்ல, யாரும் எழுந்திருக்காதீங்க. நான் மேலே வர்றேன்.

ஹலோ... கேட்டியாம்மா?... கான்னி?... வச்சுட்டியா?... ஹலோ?... கான்னி?...

...

லெவெக்கம்மா, அடுத்த உறை.