சிவப்பு வரிகள்

நந்தினி: வரிய சிவப்பாக்கி வச்சா விலை அனுப்புற ப்ரோக்ராமுக்குப் புரியும்னு நெனச்சீங்களா, மகேஸ்?

மகேஸ்: அனுப்பக் கூடாத வரி எல்லாம் சிவப்பு... நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுமே.

நந்தினி: நமக்குத் தெரியும். காப்பி பண்ணி ப்ரோக்ராம்ல போட்டதும் கலர் போயிருச்சு. நேத்துப் போஞ்சிக்காய் விலை இன்னைக்குக் காலையில நாவுல ஊரு விவசாயிங்க அத்தனை பேரு போனுக்கும் போயிருக்கு!

மகேஸ்: இருளாண்டி அண்ணன் போன் எடுத்து ஏசினாரு...

நந்தினி: ஏசாம? அந்த விலைய நம்பி மூட்டைய லொறியில ஏத்திட்டாரே. தம்புள்ளை சந்தையில பாதி விலைதான் சொல்லியிருக்காங்க.

மகேஸ்: நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டேன்.

நந்தினி: பச்சைச் சாயம் பூசிக்கிட்ட காக்கா ஒண்ணு, நான் கிளின்னு சொல்லிக்கிட்டு ஆத்துல நீந்துச்சாம். அக்கரையில ஏறினா... காக்காதான்.

மகேஸ்: என்னையா சொல்றீங்க?

நந்தினி: உங்க பைலை! கடிதம் எழுத, கலரெல்லாம் போடுற ரிச் டெக்ஸ்ட் நல்லது. ப்ரோக்ராம் எழுத, வெறும் எழுத்து மட்டும் வர்ற பிளெய்ன் டெக்ஸ்ட் எடிட்டர்தான் சரி. வேணாத வரிக்கு முன்னால ஒரு குறி போடுங்க. எங்க கொண்டு போனாலும் அது கூடவே வரும்.

மகேஸ்: பார்க்க மொட்டையா இருக்குமே...

நந்தினி: அழகு பார்க்கவா சம்பளம் தர்றாங்க? திங்கக்கிழமை நான் மாற்றலாகி கண்டி ஆபிசுக்குப் போயிட்டா, புதுசா வர்ற ரமணன் இதைத்தான் திறப்பாரு. இன்னைக்கே மாத்திடுவோம்.

மகேஸ்: இனிமே எழுதுறதெல்லாம் சாதாவா எழுதுறேன். இந்தப் பழைய பைல் மட்டும்... இருக்கட்டுமே.

நந்தினி: அதுலதானே சிவப்பே இருக்கு!

மகேஸ்: நாளைக்கு மாத்துறேன்.

நந்தினி: ஒரு மாசமா இதே நாளைக்குத்தான். அப்பவே மாத்தியிருந்தா அந்த அண்ணனுக்கு நட்டமே வந்திருக்காது. உண்மையச் சொல்லுங்க... எது தடுக்குது?

மகேஸ்: மாத்தினா எழுத்து மட்டும்தான் மிஞ்சும். ஓரத்துல நீங்க போட்ட குறிப்பெல்லாம் அழிஞ்சிரும்.

நந்தினி: அது... பிழை திருத்தச் சொல்லி எழுதினது. திருத்தியாச்சே?

மகேஸ்: "இந்த வரி பிழை, முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க"... "வெளிய மழை, குடை இருக்கா?"... இப்படிப் பதினேழு இருக்கு, நந்தினி.

நந்தினி: பத்தொம்பது. எல்லாத்தையும் எனக்குன்னு ஒரு காப்பி எடுத்து வச்சுட்டுத்தான் உங்களை மாத்தச் சொன்னேன்.