இன்ஸ்பெக்டருக்கு வெள்ளெழுத்து

– ச்சீ, கழட்டுங்க அதை. பாக்கவே கண்றாவியா இருக்கு. செத்த மீனு முழிக்கிற மாதிரி.

– எத்தனையைத்தான் கழட்டுறது? ஏம்மா, கடைக்காரப் பொண்ணு நீ, தினம் நூறு மூஞ்சியைப் பாக்கறவ. நீ சொல்லு. இது எனக்கு நல்லாவா இல்ல?

– நல்லாத்தான் சார் இருக்கு. மூக்குல சரியா உக்காருது, காதுல இறுக்கல. மேடத்துக்குத்தான் பிடிக்க மாட்டேங்குது.

– என் பொண்டாட்டிக்கு எதுதான் பிடிச்சுது? முதல்ல போட்டது தடியா இருக்குன்னா. அடுத்தது வட்டிக்காரன் மாதிரி இருக்குன்னா. விளிம்பே இல்லாததை எடுத்தா, ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுந்து வந்தவன் மாதிரி இருக்கேனாம்.

– பின்ன? எத்தனை பேர் மூக்குல ஏறி இறங்கினதோ. அந்த மூக்கு ரப்பரைப் பாருங்க, பச்சையா என்னமோ ஒட்டியிருக்கு. எனக்குக் குமட்டுது.

– எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

– வேர்வை பட்டா அப்படித்தான் மேடம் பச்சை புடிக்கும். குடுங்க, துடைச்சிடறேன். இத்தனூண்டு இருக்கு, இங்கேர்ந்தே பாத்துட்டீங்களே.

– எனக்கென்ன, இன்னிக்கும் ஒரே தடவையில ஊசியில நூல் கோப்பேன். என்னங்க, நான் சொல்றதைக் கேளுங்க. கண்ணாடியே வேணாம். லேசர் பண்ணிக்கலாம். எங்க பெரியப்பா பையன் பண்ணிக்கிட்டு ஜம்முனு இருக்கார். அடுத்த மாசம் லீவு போட்டுட்டு நிதானமா பண்ணிக்கலாம்.

– அடுத்த மாசமா? நாளைக்குக் காலையில எனக்கு ஆய்வு இருக்கு. கண்ணாடி இல்லாம இனிமே ஆய்வுக்குப் போகக் கூடாதுன்னு பெரிய அதிகாரி சொல்லிட்டார். அதுவும் எல்லார் முன்னாடியும். ஒரு மாவுப் பாக்கெட்டை நீட்டி, கடைசித் தேதியைப் படிய்யான்னார். நானும் கையை நீட்டி நீட்டிப் பாக்கறேன், கை பத்தல. கூட இருந்தவனெல்லாம் சிரிக்கிறான். என் சர்வீஸ்ல அப்படி ஒரு அவமானம் பட்டதில்ல.

– சாருக்கு என்ன வேலை?

– ஓட்டல், கேண்டீன், ஹாஸ்டல், எல்லா சமையல்கட்டையும் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்ம்மா. சுத்தமா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் அங்க அடுப்பு எரியும்.

– அப்படின்னா லேசர் வேணாம் மேடம். அதைப் பெரும்பாலும் தூரம் தெரியாதவங்கதான் பண்ணிக்கிறாங்க. சாருக்கு வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். எட்ட இருக்கறது தெரியும், கையில இருக்கறது கலங்கும். சாதாரணக் கண்ணாடி போதும்.

– அப்ப கண்ணுக்குள்ள வச்சுக்கிற லென்ஸ்? அதைச் சொல்லி வச்சா எப்ப வரும்?

– பத்து நாள் ஆகும். ஆனா பொறுமையா கேளுங்க மேடம். சார் போறது புகையும் ஆவியும் அடிக்கிற இடம். கண்டதையும் தொட்ட கையால லென்ஸை எடுத்து மாட்டினா கண்ணு சீழ் வச்சிடும். போன வாரம் ஒருத்தர், தண்ணி கிடைக்கலைன்னு லென்ஸை வாயில போட்டு எச்சில்ல நனைச்சு மாட்டிக்கிட்டு வந்தார். இமையைத் தூக்கிப் பாத்தா, உள்ள மஞ்சளா…

– போதும்மா, நான் இன்னும் சாப்பிடல. பாரு, சாப்பாட்டைக் கையில வச்சுக்கிட்டு அலையறேன். ஏய், உனக்கும் சேத்து இருக்கு. முடிச்சுட்டு எங்கயாவது உக்காந்து சாப்பிடலாமா?

– எனக்கு வேணாம். கஞ்சி குடிச்சிட்டுத்தான் வந்தேன். வெளிச் சாப்பாடு என் வயித்துக்கு ஒத்துக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

– சார், நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. கிட்ட இருக்கறது தெரியாம இத்தனை நாள் எப்படி சோதிச்சீங்க?

– மூக்கும்மா, மூக்கு. உள்ள நுழையறப்பவே ஃபினாயில் வாசம் கும்முனு அடிச்சா அந்த இடம் சுத்தம். நாத்தம் அடிச்சா பூட்டு. என் சர்வீஸ்ல மூக்கு என்னைக் கைவிட்டதே இல்ல. நாளைக்குப் போறதே இவ தம்பியோட சமையல்கட்டுக்குத்தான். அங்க நுழைஞ்சா ஃபினாயில்ல குளிச்ச மாதிரி இருக்கும். அடுத்த மாசத்துலேர்ந்து பிள்ளைங்க ஹாஸ்டலுக்கு மூணு வேளையும் அவன் சமையல்தான். நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

– சொந்த மச்சானுக்கா சார்?

– அது ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாத்தான் என்ன? அழுக்கா இருந்தா என்னைப் பெத்தவரா இருந்தாலும் பூட்டுவேன்.

– இவருக்கு யார்கிட்ட எதைச் சொல்றதுன்னே கிடையாது. எழுந்திருங்க, போலாம். நாளைக்கு ஒரு நாள் ஆபீஸ் பக்கம் போகாம நேரா தம்பி இடத்துக்குப் போயிட்டு வந்துடுங்க. கண்ணாடியை அப்புறம் பாத்துக்கலாம்.

– ஒரு நிமிஷம் மேடம். வந்ததுக்குப் பவராவது பாத்துடறேன். சார், இந்த டெஸ்ட் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, இந்த அட்டையைக் கையில பிடிச்சுக் கடைசி வரியைப் படிங்க.

– அடேயப்பா. புள்ளி, கோடு எல்லாம் தெரியுது. ஏய், உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?

– என் நரையை எண்ணத்தான் கண்ணாடி போடறீங்களா?

– ஏம்மா, உன் மேசை மேல என்ன இவ்வளவு விரல் தடம்? அசிங்கமா இருக்கே. பளிச்சுன்னு இருக்குன்னுல்ல நினைச்சேன்.

– கூட்டம் குறைஞ்சாத்தான் சார் துடைப்போம். அட்டையை விடுங்க, பழக்கமான பொருளாப் பாத்தாத்தான் பவர் சரியான்னு தெரியும். தினம் கையில எடுக்கிறது ஏதாவது இருக்கா?

– இந்த டிபன் கேரியர்தான் இருக்கு. நாலு வருஷமா தினம் இதைத்தான் எடுக்கறேன். மச்சான் அனுப்பறதும்மா. சீரகம் மட்டும் கொஞ்சம் தூக்கலா போடுவான். அதுதான் அவன் கைப்பக்குவம்.

– கடையில வச்சா அதைத் திறக்கறது? மூடுங்க. நாலு பேர் பாக்கறாங்க.

– பாக்கட்டுமே. இது என்ன, மூடி ஓரத்துல மெழுகு பூசின மாதிரி?

– எண்ணெய்ப் பிசுக்கு சார். ஒரு நாள்ல ஏறினதா தெரியல.

– நகம் பட்டா சுருண்டு சுருண்டு வருது. கருமம், நகத்துக்குள்ள போயிடுச்சு. உள்ள என்ன, முடியா? ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை. எத்தனை பேர் தலையை இதுல உதறினாங்க?

– என்னங்க, மூடிட்டு வாங்க. எனக்குத் தலை சுத்துது.

– இரு, சோத்தையும் பாத்துடறேன். சோறு வெள்ளையாத்தான் இருக்கு. இந்தா, சீரகம். சீரகம் இவ்வளவு தடியாவா இருக்கும்? ஏம்மா, நீ கொஞ்சம் பாரேன்.

– சார், அது சீரகம் இல்ல.

– பின்ன?

– முதல்ல அதை மேசையை விட்டு எடுங்க சார். எங்க வீட்டுப் பரண்ல எலி புகுந்தப்ப நான் தினம் கூட்டித் தள்ளினது இதைத்தான்.

– எலிப் புழுக்கையா?

– ஆமா சார்.

– தேடித் தேடி மென்னேனே. பல்லுல கடிபட்டா மணமா இருக்குன்னு சொல்லிச் சொல்லித் தின்னேனே. அந்தக் குப்பைக் கூடையை இப்படித் தள்ளும்மா, சீக்கிரம்.

– மெதுவா சார். வரட்டும், அடக்காதீங்க. இந்தாங்க, வாயைக் கொப்புளிங்க.

– ஏதோ இன்னிக்கு ஒரு நாள் தவறி விழுந்திருக்கும். தம்பிகிட்ட சொன்னா சரி பண்ணிடப் போறான். இதுக்குப் போய் ஊரைக் கூட்டணுமா?

– ஒரு நாளா? தினமும் தூக்கலா இருந்துச்சேடி.

– எந்தச் சமையல்கட்டுலதான் எலி இல்ல? நாளைக்கு நீங்க இந்தக் கண்ணாடியோட அங்க போய் நின்னா அவன் பொழப்பே போயிடும். ரெண்டு பொண்ணை வச்சிருக்கான். ஃபினாயில் வாசம் வந்தா பேசாம கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அவனும் ஃபினாயில் வாங்கி வச்சிருக்கான்.

– நான் மூக்காலதான் பாக்கறேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

– அவனா கவனிச்சிருப்பான்.

– இன்னிக்கு வரைக்கும் அது உன் ஒருத்திக்குத்தான் தெரியும். என் மூஞ்சியைப் பாத்து சொல்லு.

– சரி, நான்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்ப? கூடப் பிறந்தவன், விட்டுட முடியுமா?

– அந்த ஹாஸ்டல் பிள்ளைங்களும் சீரகம்னுதான் நினைச்சுத் திங்கும். ஏம்மா, அந்தத் தடி ஃப்ரேமையே எடு. கண்றாவியா இருந்தாலும் பரவாயில்ல. எப்ப கிடைக்கும்?

– இந்தப் பவர் இங்கயே இருக்கு சார். சாயங்காலம் குடுத்துடறேன். மேடம், உங்க முகமும் வெளுத்துப் போச்சு. நீங்களும் நாலு வருஷமா இதைத்தானே சாப்பிட்டிருப்பீங்க? வாந்தி வந்தா உள்ள குழாய் இருக்கு, வாங்க.

– அவளுக்கு வராதும்மா. நாலு வருஷமா எனக்குப் பரிமாறிட்டு, பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சவ. இதை ஒரு வாய் தொட்டதில்ல. அவளுக்குக் கண்ணு நல்லா தெரியும்.