மச்சானுக்காகக் காற்றை வாங்கியவன்

என் பெயர் அஞ்சம்மாள். வயது அறுபத்தேழு. கணவர் பெயர் காலஞ்சென்ற கண்ணையன். தென்னாற்காடு மாவட்டம் கூட்டேரிப்பட்டில் சொந்த நிலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் பயிர் வைத்துக் குடியிருந்து வருகிறேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். 1987ஆம் வருடம் தை மாதம் நடந்த விழுப்புரம் – திண்டிவனம் சைக்கிள் பந்தயம் பற்றி விசாரித்ததில் சொல்வதாவது:

என் மகள் ராஜாமணியைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தேன். அவள் மகன் தேவநாதன் பிரான்சு தேசத்தில் சம்பளத்துக்குச் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவன். ஏழு வருடமாக அங்கே அவன் வேலை என்னவென்றால், தன் அணித் தலைவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறைப்பதும், தண்ணீர் வாங்கி வந்து கொடுப்பதும் ஆகும். தலைவன் மாலை வாங்குவான். இவன் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

என் மகன் பெற்ற பேரன் விருத்தாசலம், தினமும் மயிலத்துக்குச் சைக்கிளில் பால் கேன் கட்டிப் போகிறவன். பந்தயத்தில் முதலாவதாக வரும் உள்ளூர்க்காரரை மெட்ராசில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அனுப்புவதாக அறிவித்திருந்தார்கள். லீவில் வந்திருந்த தேவநாதனும் பெயர் கொடுத்தான். வெளிதேசத்துக்காரன் ஓட்டலாம், பரிசு கிடையாது என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

பந்தயத்தன்று நான் கூழ்த் தூக்குடன், பின்தொடர்ந்த மெட்டடார் வேனில் இருந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் வாடைக்காற்று முகத்தில் அடிக்க, எல்லோரும் திணறினார்கள். அதன் பிறகு தேவநாதன் முன்னே போய், "மச்சான், என் பின்சக்கரத்தையே பாத்துக்கினு வா. காத்தை நான் வாங்கிக்கிறேன்" என்றான்.

"இடிச்சிட்டா பேஜாராப் பூடும் மச்சான்" என்றான் விருத்தாசலம்.

"பால் கேனைக் கட்டிக்கினு பஸ்ஸு பின்னாலயே போறவன்தானே நீ. வா."

அதன் பிறகு இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. கயிறு இல்லை, கை பிடிக்கவில்லை. பந்தயத்தில் கூட ஓட்டிய முருகையன் என்பவர் தனியே காற்றோடு மல்லுக்கட்டிப் பின்தங்கினார். திண்டிவனத்தில் முடிவுக்கோடு தெரிந்ததும் தேவநாதன் ஓரமாக ஒதுங்க, விருத்தாசலம் அவனைத் தாண்டி முதலில் போனான். தேவநாதன் பின்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். கூட்டத்தில் ஒருவர், "தோத்தவன் கையைத் தூக்கிக்கினு வர்றான் பாரு. வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சி" என்றார்.

அதன் பிறகு முருகையனின் பெரியப்பாவும் திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவருமான தாண்டவராயன், நைலான் கயிறு கட்டி இழுத்து வந்ததாகச் சொல்லி, விருத்தாசலத்தின் சைக்கிளைப் பிடுங்கிப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் புகார் கொடுத்தார். கயிறு எங்கே என்றதற்கு வழியில் வீசியிருப்பார்கள் என்றார். மெட்ராசுக்குப் பெயர் அனுப்புவது நின்றுபோனது. விருத்தாசலம் நான் கொடுத்த கூழைத் தொடவில்லை.

அதன் பிறகு சப் இன்ஸ்பெக்டர் ஐயா விசாரித்ததில் தேவநாதன், "புகார் குடுத்தவரே எம் பின்னாடி ஓட்டிப் பாக்கட்டுங்க" என்றான். தாண்டவராயன் தொந்தி உள்ளவர். வேட்டியை மடித்துக் கட்டி மெட்ராஸ் ரோட்டில் முதலில் தனியே ஓட்டியதில், கொஞ்ச தூரத்திலேயே இறங்கி நின்று மூச்சு வாங்கினார். அதன் பிறகு தேவநாதன் முன்னே போக, அவர் ஒட்டிப் பின்னே போனார். நாங்கள் ஜீப்பில் போனோம். போகப் போக அவர் முகம் மாறியது, பிறகு சிரித்தார். ஐயா நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை.

"காத்தே இல்லிங்கய்யா. வுட்டா செங்கல்பட்டே போய்டுவேன்" என்றார் இறங்கியதும். அதன் பிறகு தேவநாதன் தோளைப் பிடித்து, "தம்பி, எங்க முருகையனுக்கும் ஒரு வாட்டி முன்னால போவியா?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் எங்க மச்சானுங்க. அடுத்த வருஷம் கேளுங்க."

தாண்டவராயன் புகாரைத் திரும்பப் பெற்று, மெட்ராசுக்கு விருத்தாசலத்தை அனுப்பத் தடை சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தார். சைக்கிள் எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகு ஐயா, பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று என்னைக் கேட்டார். இரண்டு பேரும் என் பேரன்கள், இரண்டு பேரும் ஜெயித்தார்கள் என்றேன். ஒரு பெயர்தான் எழுத முடியும் என்றார். விருத்தாசலம் என்று எழுதுங்கள், தேவநாதன் ஜெயித்தது அதில்தான் இருக்கிறது என்றேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் கிடையாது.

(ஒப்பம்)
க. அஞ்சம்மாள்