முனியாண்டிக்குக் காய்ச்சின ஜின்

சம்பந்தின்னு கூப்டாதீங்கக்கா. அதான் மூணு மாசத்துக்கு முன்னாடியே போன்ல அறுத்து விட்டாச்சே. நவமணின்னே கூப்டுங்க, போதும். ஒக்காருங்க, ஃபேன போடுறேன். அந்தத் தட்டு மேச மேலயே இருக்கட்டும். இல்ல இல்ல, இப்ப பிரிக்க வேணாம். பூ, வெத்தல, பழம்னு எவ்ளோ அழகா அடுக்கிக் கொண்டாந்திருக்கீங்க, கலைஞ்சிரும். பசியாறிட்டீங்களா? சரி, கோப்பியாவது குடிங்க. எம்மக தினேஸ்வரி வேலைக்குப் போயிருக்கா. சாயங்காலந்தான் வருவா.

புரியுது லா. ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல பாத்த பொண்ணு சரியா வரல, தீபனுக்கு எம்மக நெனப்பாவே இருக்கு, நடந்தத மறந்துட்டு பழையபடி பேசி முடிச்சுக்கலாம். அதானே? நல்ல விசயந்தான். பெத்தவ நீங்க, மகனுக்காக வந்துதான் ஆகணும். நானும் ஒங்கள பதில் சொல்லாம அனுப்ப மாட்டேன். மொதல்ல கோப்பியக் குடிங்க.

என்னா அப்பிடிப் பாக்குறீங்க? அந்தப் போட்டோவா? ஐயோ, அது நாந்தாங்கா! கறுப்பு ஏப்ரன் கட்டிட்டு, பல்லக் காட்டிட்டு, கையில போத்தல வச்சிட்டு நிக்கிறேன் பாருங்க. பக்கத்துல எம்மக, அவ கையிலயும் ஒண்ணு. எண்ணெ இல்லக்கா, சரக்கு. நாங்களே காய்ச்சுனது. நாகரிகமா ஜின்னுன்னு சொல்லணும்.

கோப்பிய துப்பிராதீங்க, பாத்து. நா குடிக்கிறதுக்கா? சேச்சே. எங்க வீட்டுல தண்ணி போடுற வேலைய அவரே பாத்துக்குறாரு, எனக்கு எதுக்கு? இது வேற கதை. ஒரு வேண்டுதல்.

சுங்கை சிப்புட்ல நா பொறந்த எஸ்டேட்டு தெரியுமில்ல? ரப்பர் மரத்தெல்லாம் சாச்சுட்டு செம்பனை நட்டுட்டானுங்க, லயத்து வீடெல்லாம் போச்சு. முனியாண்டி மட்டும் அங்கனயேதான் நிக்கிறாரு, மீசைய முறுக்கிட்டு. அவரு பால் பழத்துக்கு மசியிற ஆளா? சுருட்டு வேணும், சரக்கு வேணும். நா வேண்டிக்கிட்டப்ப கடையில வாங்கி வைக்கிறேன்னு சொல்லியிருந்தா, ஒரு போத்தல் பிராந்தியோட வேல முடிஞ்சிருக்கும். இந்த வாய் சும்மா இருக்குமா? நீ மட்டும் இத நடத்திக் குடு சாமி, என் கையாலயே காய்ச்சி ஒனக்கு ஊத்துறேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.

நடத்திக் குடுத்துட்டாரே! அதுவும் ஒரே வாரத்துல. நானே எதிர்பாக்கல.

என்னா வேண்டுதல்னா கேக்குறீங்க? வாரேன், அதுக்குத்தான் வாரேன். இப்ப நா காய்ச்சணும். எங்கப்பா காலம்னா லயத்துக்குப் பின்னாடி பானைய ஏத்திருவாங்க. நம்ம இருக்குறது டவுன்ல, சிலிபின்ல, சுவரோட சுவர் ஒட்டுன வீடு. அந்தப் பக்கம் சுவத்துக்கு அங்கிட்டு ஒரு போலீஸ் சார்ஜன். நா அடுப்புல சம்சு சாராயம் ஏத்துனா மோப்பம் புடிச்சே வந்துருவாரு. அப்பறம் என்னைய ஜாமீன்ல எடுக்க முனியாண்டிதான் வரணும். சொன்ன சொல்ல காப்பாத்த முடியலியேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. அவரு சும்மா விடுவாரா? குடுத்தத திருப்பி எடுத்துக்கிட்டா என்னா பண்றது?

கடைசில தினேஸ்வரிகிட்ட சொன்னேன். என்னா வேண்டுதல்னு சொல்லல, சரக்கு காய்ச்சணும்னு மட்டுந்தான் சொன்னேன். அவ என்னைய ஏற எறங்கப் பாத்தா. அப்பறம் போன நோண்டிட்டு, அம்மா, பழைய டவுன்ல ஒரு எடத்துல ஜின் காய்ச்சக் கத்துக் குடுக்குறாங்க, லைசன்சு இருக்கு, நம்ம கையாலயே காய்ச்சி எடுத்துட்டு வரலாம்னா. நா ஒருத்திக்குத்தான் கேட்டேன். அவ ரெண்டு பேருக்குப் போட்டா. தொணைக்கு வாராளாக்கும்னு நெனச்சேன்.

ஒரு பழைய கடைவீட்டு மாடிக்கா. ஏசி சும்மா குளிருது. கோலாலம்பூர்லேந்து வந்த சீனப் பொண்ணுங்க கொஞ்சப் பேரு, வெள்ளைக்காரன் ஒருத்தன், அவன் பொண்டாட்டி. அவங்களுக்கு நடுவுல நானு, நெத்தியில திருநீறு. சொல்லிக் குடுக்குற பையன் பேரு லியோங், கையெல்லாம் பச்சை குத்தியிருக்கான், ஆனா தங்கமான பையன். ஆளுக்கொரு குட்டிச் செம்புப் பானை வச்சிருந்தான். அதுக்கு மேல வளஞ்ச குழாய், கீழ பர்னர். பாத்த ஒடனே எனக்குச் சிரிப்பு. எங்கப்பா பானையோட பேத்தி மாதிரி இருந்திச்சு.

என்னென்ன போடுறதுன்னு நம்மளே பாத்து எடுத்துக்கணும். ஜூனிப்பர்னு ஒரு காய், காஞ்ச மணத்தக்காளி மாதிரி. அது இல்லாட்டி ஜின்னே இல்லையாம். மிச்சமெல்லாம் நம்ம அடுப்படிதாங்கா! கொத்தமல்லி, ஏலக்கா, பட்டை, தம்புன் பம்ளிமாஸ் தோலு. அந்தப் பொண்ணுங்க ஒவ்வொண்ணா மோந்து பாத்து, கண்ண மூடி, ஆஹா ஓஹோங்குதுங்க. எனக்கு கொத்தமல்லியப் பாத்தா கை நிக்குமா? அள்ளிப் போட்டுட்டேன். லியோங் ஓடி வந்து, ஆண்ட்டி, ஆண்ட்டி, இது கறி இல்லன்னுட்டு பாதிய வெளிய எடுத்துட்டான்.

கேளுங்க, இனிமேதான் கூத்தே. பானை சூடாயி குழா வழியா சொட்ட ஆரம்பிச்சிச்சு. மொத சொட்டு சாமிக்குன்னு நா கையில டம்ளரோட பக்தியா நிக்கிறேன். இவன் வந்து அந்த மொத வடிய அப்பிடியே புடிச்சுத் தொட்டியில ஊத்திட்டான்! அடேய், சாமிக்கு எடுத்து வச்சதுடான்னு தமிழ்லயே கத்திட்டேன். அவன் பயந்துட்டு, ஆண்ட்டி, மொதல்ல வாரது விஷம், குடிச்சா கண்ணு போயிரும்னான். சரி, அவருக்கே கண்ணு போயிட்டா அப்பறம் நம்மள யாரு பாக்குறதுன்னு விட்டுட்டேன்.

சொட்டு நெறையிற வரைக்கும் காக்டெயில் சொல்லிக் குடுத்தான். ஐஸு, லிமாவ் கஸ்தூரி எலுமிச்ச, உப்புப் போட்டுக் காயவச்ச ஆசாம்போய்ப் பழம், கொஞ்சம் ஜின்னு, எல்லாத்தையும் ஒரு இரும்புக் குடுவையில போட்டு குலுக்கணும். நல்லா குலுக்குங்க ஆண்ட்டின்னான். குலுக்குனேன். மூடி சரியா போடல போலருக்கு, அது பறந்து போயி வெள்ளைக்காரன் மடியில விழுந்திச்சு, பின்னாடியே ஆசாம்போயும் போச்சு. அவன் எந்திரிச்சு நின்னு கை தட்டுறான்! தினேஸ்வரி சிரிச்சா பாருங்க, வயித்தப் புடிச்சிட்டு, கண்ணுல தண்ணி வர சிரிச்சா. அவ அப்பிடிச் சிரிச்சு நா பாத்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா? ஒங்க வீட்டுச் சம்பந்தம் பேசுனதுலேந்து பாக்கல. மனசுல பட்டதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க விட்டேன்? ஆங், ருசி. காய்ச்சி முடிஞ்சதும் அவங்கவங்க சரக்க ருசி பாக்கணுமாம். நா மாட்டேன்னுட்டேன். பின்ன? படையலுக்கு வைக்கிறத வாயில வைப்பமா? உப்பு பாக்காமத்தான சாமிக்குப் பொங்குறோம்? லியோங்குக்குப் புரியல. ருசி பாக்காம எப்பிடி ஆண்ட்டி தெரியும்னுட்டு, நா அந்தப் பக்கம் திரும்புன நேரத்துல, என் சரக்குல கரண்டிய விட்டு நக்கிப் பாத்துட்டான்! வெரி குட் ஆண்ட்டிங்கிறான் வேற!

நா அங்கேயே ஒக்காந்துட்டேன். எச்சி பண்ணிட்டியேடா பாவின்னு அழுகையே வந்திருச்சு. தினேஸ்வரி அவன்கிட்ட எடுத்துச் சொன்னா, இது சாமிக்குன்னு. அவன் மொகம் செத்துப் போச்சுக்கா. ஆண்ட்டி சாரி, எங்க வீட்டுலயும் செங் பெங் திருநாளுக்கு முன்னோர் கல்லறையில மது ஊத்துவோம், யாரும் வாய் வைக்க மாட்டோம், என் தப்புன்னு சொல்லிட்டு, பானைய அவனே கழுவி, மறுபடியும் மொதல்லேந்து ஏத்த விட்டான். எல்லாரும் போயாச்சு, அவன் மட்டும் கூடவே நின்னான். கிட்டக்கூட வரல, எட்ட நின்னே சொல்றான், இப்ப தீயக் கொறைங்க, இப்ப தண்ணி ஊத்துங்கன்னு. அந்த எச்சி போத்தல் வீணாப் போகல. எங்க வீட்டுக்காரரு ரெண்டே நாள்ல முடிச்சுட்டாரு.

தினேஸ்வரியா? அவளும் அவளோடத ருசி பாக்கல. நா காடி ஓட்டணும், வேணாம்னு லியோங்கிட்ட மொதல்லயே சொல்லிட்டா. நாங்கூட அத நம்பிட்டேன். போத்தல்ல பேரு ஒட்டச் சொன்னான். நா முனியாண்டின்னு எழுதுனேன். யாரு ஆண்ட்டி, ஒங்க ஹஸ்பண்டான்னான். இல்லப்பா, அவருக்கும் மேலன்னேன். அவ ஒண்ணும் எழுதாம அப்பிடியே சீல் வச்சிட்டா.

சரி சரி, ஒங்க கோப்பியும் ஆறிப்போச்சு. வேண்டுதல சொல்லிடுறேன்.

கூரைப் பொடவை எடுக்கப் போனமே, லிட்டில் இந்தியாவுல, ஞாபகம் இருக்கா? எம்மக ஒரு பச்சைப் பொடவைய எடுத்துத் தோள்ல போட்டுப் பாத்தா. ஒங்க மகன் அத வெடுக்குன்னு புடுங்கி, ஒனக்கு என்னா தெரியும், வாய மூடிட்டு நில்லுன்னாரு. கடைக்காரப் பொண்ணுங்க முன்னாடி. நீங்களும் பாத்தீங்க. அவன் அப்பிடித்தான், கோவம் இருக்குற எடத்துலதான் கொணம் இருக்கும்னு எங்கிட்டச் சொல்லி சிரிச்சீங்க. எம்மக வீட்டுல வாய் மூடுற ஆளாக்கா? டிவிகூட சண்ட போடுவா. அன்னைக்கு என்னடான்னா, தலையக் குனிஞ்சிட்டு ட்ரையல் ரூமுக்குள்ள போனவ ரொம்ப நேரம் வெளிய வரல.

வீட்டுக்கு வந்து கேட்டா, ஒண்ணும் இல்லம்மா, மண்டபம் புக் பண்ணியாச்சு, அப்பாவுக்குத் தலைகுனிவு, விடுங்குறா. நா நிறுத்துனா, எங்கம்மாதான் என் வாழ்க்கையக் கெடுத்தான்னு நாளைக்கு அவளே நெனக்கலாம்ல? ஆனா அன்னைக்கு அந்தக் கடை வாசல்லயே நா சொல்லிட்டேன். முனியாண்டி, இந்தக் கல்யாணத்த நிறுத்திக் குடு, அவங்க வாயாலயே நிறுத்த வையி, என் கையால காய்ச்சி ஒனக்கு ஊத்துறேன்னு.

ஆமாக்கா. இதான் வேண்டுதல்.

அடுத்த வாரமே ஒங்க போன் வந்திச்சு. ஜாதகம் சரியில்லன்னீங்க. நா பேச முடியாம விக்குனேனே, நீங்ககூட, அழாத நவமணி, எல்லாம் நல்லதுக்குன்னு ஆறுதல் சொன்னீங்களே? நா அழலக்கா. மன்னிச்சுக்குங்க. சிரிப்ப அடக்கத்தான் முந்தானைய வாயில வச்சிருந்தேன்.

எந்திரிக்காதீங்க, இன்னும் கொஞ்சந்தான். என் வேண்டுதல் என்னோட, அவ மனசு அவளோடன்னுதானே சொல்றீங்க? நியாயந்தான். நானும் அந்தப் பயத்தோடதான் அவளையும் கூட்டிட்டு கோயிலுக்குப் போனேன், நம்ம நெனச்சதத்தான் அவளும் நெனச்சாளான்னு. பூசாரி உடையப்பன் சுருட்டப் பத்த வச்சதும் அவருக்குச் சாமி வந்திருச்சு. நா ஊத்துனேன். ஒரே மடக்கு. என்னாடி இது, பூ வாசம் அடிக்குதுன்னாரு. அப்பறம் மீசையத் தொடச்சிட்டு, இன்னொண்ணு எங்கன்னாரு. ஒண்ணுதான சாமி கொண்டாந்தேன்னேன். அவரு என்னையப் பாக்கல. எனக்குப் பின்னாடி பாக்குறாரு.

திரும்புனா, எம்மக கைப்பைக்குள்ளேந்து அவ போத்தல எடுத்து சீல ஒடைக்கிறா.

ஒனக்கு என்னாடி வேண்டுதல்னு கேட்டேன். அதே பொடவைக் கடைம்மா, ட்ரையல் ரூம்ல நின்னு வேண்டிக்கிட்டேன்னா. சரக்கு காய்ச்சணும்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சிருச்சு, நீயும் அதத்தான் கேட்டிருப்பன்னு சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சுட்டா. ரெண்டு பேரும் அந்தச் செம்பனைக் காட்டுல நின்னு அழுதோம்க்கா. அப்பறம் சிரிச்சோம். உடையப்பன் ரெண்டாவது போத்தலயும் காலி பண்ணிட்டாரு.

அதான் இப்ப சுசாவா, பெரிய சங்கடமா இருக்கு. எங்க கையில ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு போத்தலையும் அவரு குடிச்சு முடிச்சிட்டாரு. போயி, சாமி, மனசு மாறிட்டோம்னு எந்த மூஞ்ச வச்சிட்டு நாங்க சொல்றது? வேணும்னா நீங்களே போயி ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க, வழி சொல்றேன். தட்ட மறக்காம எடுத்துக்குங்க. போற வழியில சுருட்டும் வாங்கிக்குங்க, வெறுங்கையோட போனா அவருக்குப் புடிக்காது.