ஆறு டாக்டரும் ஓர் இளநீரும்

அண்ணன் உக்கிரபாண்டிக்கு இளநீர் என்றால் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. இராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். "இன்னும் எதுக்கும்மா இழுத்துக்கிட்டு, விட்டுருங்களேன்" என்று யுவராணி டாக்டரிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை சட்டம் பேசியது. மூன்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வேறு மூன்று டாக்டர் அதைச் சரி என்று சொல்ல வேண்டுமாம். மாஜிஸ்திரேட்டுக்குத் தாக்கல் போக வேண்டுமாம். ஒரு மனிதன் சாகிறான் என்று சொல்ல ஆறு பேர். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவன் கிடாயின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவான். அண்ணனுக்குப் பீ மூத்திரம் அள்ளியவன் நான். அந்த ஆறில் ஒருத்தன் அள்ளுவானா?

"அதுவும் பொழைக்கவே மாட்டாங்கன்னாத்தான் தாத்தா. இவரு தேறி வாராரு. மூணு மாசத்துல எந்திரிச்சு உக்காந்துருவாரு" என்றது.

கட்டில் காலியாகக் கூடாதென்று சொல்கிற பேச்சு, எனக்குத் தெரியாதா. எங்கள் ஊர் சிக்கலுக்கே அண்ணனைக் கொண்டுவந்துவிட்டேன்.

எங்களுக்கும் முறை உண்டு. சொந்தபந்தத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் வந்து முகம் பார்க்க வேண்டும். பிறகுதான் தலைக்கூத்தல், படுக்கையில் விழுந்த பெரியவர்களை நாங்களே அனுப்பிவைக்கிற சடங்கு. எண்ணெய்க் குளியல், இளநீர், மிச்சம் தானாக நடக்கும். வியாழக்கிழமைக்குச் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதம் என்றார்களே, பத்து நாள்கூட ஆகவில்லை. அவர்கள் பேச்சு எவ்வளவு பொய் பாருங்கள்.

தங்கச்சி சோணையம்மாள் அழுதாள். "பெரியண்ணன் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிக்கிறாருண்ணே. வேணாம்ணே."

"ஏர்வாடியில எல்லாரும் வேன் பிடிச்சாச்சு. வந்தவுகள்ட்ட என்னத்தச் சொல்ல, போயிட்டுப் பொறகு வாங்கன்னா?"



மறுநாள் நாற்பது பேர் வந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி விசாரித்தார். அவர்களுக்கும் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆறு டாக்டருக்குப் பதில் நாற்பது பேர் சம்மதம்.

நோயாளியையும் கேட்க வேண்டுமாமே. அதையும் விடவில்லை. தண்ணீர் ஊற்றும்போது, "என்னண்ணே?" என்று கேட்டேன். "ஏலே, குளுருதுடா" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் மணிக்கட்டில் இருக்கும் நகக்கீறலைத்தானே பார்க்கிறீர்கள். இளநீரை வாயில் வைத்ததிலிருந்து அண்ணன் இடது கையால் என் கையைப் பிடித்தவர், விடவே இல்லை. அவ்வளவு பாசம்.